எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர்

பெயருக்கு எட்டு எழுத்துதான், அதற்கு மேல் கிடையாது. நடுவில் இடம் விடக்கூடாது. முதல் எழுத்து எண்ணாக இருக்கக்கூடாது. சதவீதக் குறி, அடைப்புக்குறி எதுவும் ஆகாது. ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது.

புள்ளிவிவர வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். இந்த ஐந்து விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் என்றே சொல்லலாம். வேலையில் இருந்தவரை ‘விதி என்றால் விதி’ என்று போய்க்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான், இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று சாவகாசமாகத் தேடிப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் சிலவற்றால் மனிதர்களைப் பற்றிய விவரமே காணாமல் போயிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். எக்செல் தாள் எல்லோருக்கும் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கணக்கிலிருந்து கோயில் திருப்பணி வசூல் வரை அதில்தான் இருக்கிறது. மேல் வரிசையில் தலைப்புகள் எழுதுவோம். ‘வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை (2011)’ என்று எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதலாம். படிப்பவர் மனிதர், புரிந்துகொள்வார்.

அதே விவரத்தை ஆழமாக ஆராய வேண்டுமென்றால் எஸ்பிஎஸ்எஸ், சாஸ், ஸ்டாட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருளுக்குள் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒவ்வொரு பத்திக்கும் ‘மாறி’ என்று பெயர். ‘இந்த மாறியின் சராசரி என்ன’ என்று கட்டளை கொடுப்போம். கட்டளையில் கூப்பிடுவதற்குச் சுருக்கமான ஒரு பெயர் வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயர், ஊர், பட்டம் எல்லாம் சேர்த்து இரண்டு வரிக்கு அச்சடித்த மாப்பிள்ளையை வீட்டில் ‘குமாரு’ என்றுதானே கூப்பிடுகிறார்கள்? அது மாதிரிதான். பத்திரிகைப் பெயர் கூப்பிடும் பெயராக மாறும் அந்த இடத்தில் என்னென்ன உதிர்ந்துபோகிறது என்பதுதான் விஷயம்.

அட்டைக் காலம்

ஆரம்பத்தில் பெயரே கிடையாது. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளையும் அவற்றை எண்ணும் இயந்திரத்தையும் கொண்டுவந்தார். 1928இல் ஐபிஎம் கம்பெனி 80 பத்திகள் கொண்ட அட்டையை வெளியிட்டது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு உலகத்தின் கணக்கெல்லாம் அந்த அட்டையில்தான் ஓடியது. எல்ஐசி, ரயில்வே ஆகியவற்றில் வேலை பார்த்தவர்கள் உங்களில் இருந்தால் பார்த்திருப்பீர்கள். 1973இல் ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370 கம்ப்யூட்டருக்கும் அட்டைக் கட்டோடுதான் போய் நிற்க வேண்டும்.

அட்டையில் வயதுக்குப் பெயர் ‘வயது’ இல்லை. 11, 12ஆவது பத்திகள், அவ்வளவுதான். எந்தப் பத்தியில் எது என்பது தனியாக ஒரு தாளில் எழுதியிருக்கும். அந்தத் தாளை நாங்கள் ‘கோட் புக்’ என்போம், குறியீட்டு ஏடு. அதைத் தொலைத்தால் அட்டைக் கட்டு வெறும் துளை விழுந்த காகிதம். அட்டைக் காலத்தில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. அதனால் அந்த ஏட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள்.

ஆறு எழுத்து

1957இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டார்கள். விஞ்ஞானக் கணக்குகளுக்காக உருவான மொழி. இதில் மாறிகளுக்குப் பெயர் வைக்கலாம், ஆனால் ஆறு எழுத்துக்குள். ஏன் ஆறு? அது ஓடிய ஐபிஎம் 704 இயந்திரம் ஒரு தடவைக்கு 36 பிட் கையாளும். ஓர் எழுத்துக்கு 6 பிட். ஆறாறு முப்பத்தாறு. ஒரு பெயர் ஒரே அறையில் அடங்கிவிடும்.

முதல் எழுத்து எண்ணாக இருக்கக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. கணினி ஒரு சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்ததுமே ‘இது எண்ணா, பெயரா’ என்று முடிவு செய்ய வேண்டும். 2 போட்டு, ஆங்கில ‘ஈ’ எழுத்தைப் போட்டு, 5 போட்டால், விஞ்ஞானக் குறிமுறைப்படி அது 2,00,000. ஒருவர் தன் வீட்டு எண் 2ஈ5 என்று பெயர் வைத்தால் இயந்திரம் இரண்டு லட்சம் என்று படிக்கும். அதனால், எண்ணில் தொடங்கினால் எண், எழுத்தில் தொடங்கினால் பெயர் என்று பாத்தி கட்டிவிட்டார்கள்.

ஃபோர்ட்ரானில் இன்னொரு விசித்திரம். ஆங்கிலத்தில் ‘ஐ’ முதல் ‘என்’ வரையுள்ள ஆறு எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள், வேறு அறிவிப்பு இல்லாவிட்டால், முழு எண் மட்டுமே வைத்துக்கொள்ளும். வருமானத்துக்கு ‘இன்கம்’ என்று பெயர் வைக்கிறோம். ஆங்கிலத்தில் சரியாக ஆறு எழுத்து, அளவு பொருந்துகிறது. ஆனால் ‘ஐ’ எழுத்தில் தொடங்குகிறது. அதில் 245 ரூபாய் 75 காசைப் போட்டால் 245 ரூபாய்தான் நிற்கும். காசு எங்கே போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பிழைச் செய்தியும் வராது. வைத்த பெயரே கணக்கை மாற்றிவிடும் என்று எங்கள் தலைமுறை கற்றுக்கொண்டது இங்கேதான்.

எட்டு எழுத்து

1968இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்த நார்மன் நை, டேல் பென்ட், ஹாட்லாய் ஹல் என்ற இருவரோடு சேர்ந்து எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளை உருவாக்கினார். சமூக ஆய்வு செய்பவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். சாஸ் மென்பொருள் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விவசாய ஆராய்ச்சிக் கணக்குகளுக்காகத் தொடங்கி, 1976இல் தனிக் கம்பெனியானது. ஸ்டாட்டா 1985இல் வந்தது.

மூன்றிலும் பெயருக்கு எட்டு எழுத்துதான் வரம்பு. எஸ்பிஎஸ்எஸ், சாஸ் இரண்டும் பிறந்த காலத்துப் பெரிய ஐபிஎம் கம்ப்யூட்டர்களில் எட்டு எழுத்துப் பெயர் என்பது சாதாரண வழக்கம். நம் ஊருக்கு முதலில் வந்த டாஸ் கம்ப்யூட்டர்களிலும் கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்துதான், ஞாபகம் இருக்கிறதா? டிபேஸ் மட்டும் கொஞ்சம் தாராளம், பத்து எழுத்து.

எட்டுக்குள் அடக்குவது ஒரு கலை. உயிரெழுத்துகளை நீக்கிவிட்டு மெய்யெழுத்துகளை மட்டும் வைத்து ஒப்பேற்றுவோம். சிக்கல், தானாக வெட்டும்போது வரும். கிராமப்புற மக்கள்தொகைக்கு ‘பாப்புலேஷன் ரூரல்’, நகர்ப்புறத்துக்கு ‘பாப்புலேஷன் அர்பன்’ என்று தலைப்பு வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். ‘பாப்புலேஷன்’ என்ற சொல்லே ஆங்கிலத்தில் பத்து எழுத்து. எட்டில் வெட்டினால் இரண்டுக்கும் ஒரே பெயர். கிராமம் எது, நகரம் எது என்று அந்தப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

இந்தக் கட்டு ரொம்ப காலம் நீடித்தது. சாஸ் 1990களின் கடைசியில் 32 எழுத்துக்கு உயர்ந்தது, ஸ்டாட்டாவும் அதையொட்டி 32க்கு வந்தது. எஸ்பிஎஸ்எஸ் 2003இல்தான் 64க்கு மாறியது. நிலப்படங்களுக்கு இன்றும் பரவலாகப் பயன்படும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வகை, தன் விவரப் பட்டியலை டிபேஸ் வடிவத்தில்தான் வைத்திருக்கிறது. அதனால் மாவட்ட வரைபடம் போடும் இன்றைய பிள்ளைகளும் பத்து எழுத்தில் வெட்டுப்பட்ட தலைப்புகளோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

எக்செல் வந்த பிறகு

1979இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் இருவரும் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக விசிகால்க் என்ற விரிதாளை உருவாக்கினார்கள். 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல். விரிதாளில் தலைப்புக்கு எந்த விதியும் இல்லை. கட்டத்துக்குள் எழுதும் இன்னொரு எழுத்துதான் அது. மேலே இரண்டு மூன்று கட்டங்களைச் சேர்த்து, நடுவில் கொட்டை எழுத்தில் தலைப்புப் போடலாம். பார்க்க அழகாக இருக்கும்.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே ‘மொத்தம்’, ‘கிராமப்புறம்’, ‘நகர்ப்புறம்’ என்று மூன்று பெரிய தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ‘நபர்கள்’, ‘ஆண்கள்’, ‘பெண்கள்’. கண்ணால் பார்த்தால் ஒரு குழப்பமும் இல்லை. இதில் கீழ் வரிசையைத் தலைப்பாக எடுத்து ஆர் மென்பொருளுக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும்? முதலில் நபர்கள், ஆண்கள், பெண்கள் வரும். ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாதே, அதனால் அடுத்த மூன்றும் நபர்கள்.1, ஆண்கள்.1, பெண்கள்.1 ஆகும். அதற்கடுத்த மூன்றுக்கும் .2 ஒட்டிக்கொள்ளும். ‘கிராமப்புறம்’ என்ற சொல் எங்கும் இல்லை. கிராமத்துப் பெண்கள் ‘பெண்கள்.1’ ஆகிவிடுகிறார்கள். மூலத் தாளைப் பார்க்காதவர் அதை நகரம் என்று எடுத்துக்கொண்டாலும் மென்பொருள் மறுக்கப்போவதில்லை. அட்டவணை பிசகின்றி இருக்கும், முடிவு மட்டும் தலைகீழாகும்.

ஆர் மென்பொருள் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அதற்கு முன்னோடி, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழுவினர் 1976இல் தொடங்கிய ‘எஸ்’ மொழி. ஆரில் 1991, 2001, 2011 என்று ஆண்டுகளைத் தலைப்பாக வைத்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் ‘எக்ஸ்’ எழுத்து ஒன்று வந்து உட்காரும். எழுபது வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், ஐபிஎம் காலத்துப் பாத்திதான் அது. தலைப்பில் இடம் விட்டால் புள்ளி விழும், சதவீதக் குறிக்கும் புள்ளி விழும். ‘ஆண் %’ என்பது ‘ஆண்’ பக்கத்தில் இரண்டு புள்ளியாகிவிடும். இனி அது எண்ணிக்கையா சதவீதமா என்று யாருக்குத் தெரியும்?

அடிக்கோட்டுக்கும் ஒரு கதை உண்டு. சொற்களை இணைக்க எல்லோரும் அடிக்கோடு போடும்போது, ஆர் ஆட்கள் மட்டும் ஏன் புள்ளி வைத்தே பழகினார்கள்? 1963இல் வந்த ஆஸ்கி எழுத்துப் பட்டியலில், இன்று அடிக்கோடு இருக்கும் இடத்தில் இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி இருந்தது. 1967இல் அதை எடுத்துவிட்டு அடிக்கோட்டை வைத்தார்கள். பழைய முனையங்களில் அந்த விசையை அழுத்தினால் அம்புதான் விழும். ‘இந்த மதிப்பை அந்தப் பெயருக்குள் போடு’ என்பதற்கு ‘எஸ்’ மொழியில் அந்த அம்பையே பயன்படுத்தினார்கள். அம்பு போய் அடிக்கோடு வந்த பிறகும் பொருள் மாறவில்லை. அதனால் பெயருக்குள் அடிக்கோடு வைக்க வழியில்லை. 2004இல்தான் ஆர் அதை அனுமதித்தது. 1967இல் மறைந்துபோன ஒரு விசைக்காக 37 வருஷம் கழித்தும் ஆட்கள் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒதுக்கிய சொற்கள்

சில சொற்களை மென்பொருள் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ (ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்துகள்) அப்படிப்பட்ட சொல். பழைய ஒரிசாவின் வண்டி எண்களில் இருந்த குறியீடும் அதே இரண்டு எழுத்துதான். மாநிலக் குறியீடுகளைத் தலைப்பாக வைத்து அட்டவணை போட்டால் ஒரிசாவுக்கு மட்டும் அந்தப் பெயர் கிடைக்காது. அமெரிக்காவில் ஆரிகனுக்கும் இதே கதி. ஸ்டாட்டாவில் ‘இன்’ ஒதுக்கிய சொல், அங்கே இண்டியானா மாட்டிக்கொள்ளும்.

இதைவிட வேடிக்கை நமீபியா நாட்டுக்கு. அதன் சர்வதேசக் குறியீடு ‘என்ஏ’. ஆர் மென்பொருளில் ‘என்ஏ’ என்றால் ‘விவரம் இல்லை’ என்று பொருள். நாட்டுக் குறியீடு உள்ள பத்தியைப் படிக்கும்போது, நாம் முன்கூட்டிச் சொல்லி வைக்காவிட்டால், நமீபியா என்ற நாடே ‘விவரம் இல்லை’ ஆகிவிடும்.

ஜீன்கள் பெயர் மாற்றிக்கொண்ட கதை

இதன் உச்சம் மருத்துவ ஆராய்ச்சியில் நடந்தது. மனித ஜீன்களுக்குச் சுருக்கப் பெயர்கள் உண்டு. சிலவற்றின் பெயர் மார்ச்1, செப்ட்2 என்று இருந்தன. எக்செல்லில் போட்டால் அது ‘ஓ, மார்ச் மாதம் 1ஆம் தேதியா’ என்று தேதியாக மாற்றிவிடும். மாற்றிய பிறகு பழைய எழுத்து திரும்பி வராது. 2004இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை இதை எச்சரித்தது. எண்களுக்கு நடுவில் ‘ஈ’ எழுத்து வரும் ஆய்வக அடையாள எண்கள், நான் மேலே சொன்ன இரண்டு லட்சக் கதை போலவே, பெரிய பெரிய எண்களாக மாறுவதையும் அதில் சொல்லியிருந்தார்கள். 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஜீன் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது.

கடைசியில் யார் இறங்கி வந்தது? 2020இல் ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு புது விதிமுறை வெளியிட்டது. மார்ச்1 ‘மார்ச்எஃப்1’ ஆனது. செப்ட்2 ‘செப்டின்2’ ஆனது. தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதியை எக்செல் தந்தது 2023இல்தான். மனித உடம்பின் பாகங்கள் ஓர் அலுவலக மென்பொருளுக்காகப் பெயர் மாற்றிக்கொண்டன.

பி5

பெயர் சுருங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 1992–93இல் முதன்முதலாக நடந்தது. பல நாடுகளில் நடக்கும் ஓர் ஆய்வுத் தொடரின் இந்தியப் பகுதி அது. அதன் கோப்பைத் திறந்தால் எல்லாமே எழுத்தும் எண்ணும்தான். வி012 என்றால் பதில் சொன்ன பெண்ணின் வயது. வி106 என்றால் படிப்பு. பி4 என்றால் பிறந்தது ஆணா பெண்ணா. பி5 என்றால் அந்தக் குழந்தை உயிரோடு இருக்கிறதா. இருந்தால் 1, இல்லையென்றால் 0.

அந்த 0 ஒவ்வொன்றும், ஏதோ ஓர் ஊரில் ஒரு தாய், முன்பின் தெரியாத ஒருவரிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பதில். அவற்றை எண்ணித்தான் சிசு மரண விகிதம் வருகிறது. எந்த மாநிலத்துக்கு என்ன வேண்டும் என்பதும் அதிலிருந்து தெரிகிறது.

அந்தப் பெண்ணுக்கு ஐந்து பிரசவம் என்றால் பி5_01 முதல் பி5_05 வரை இருக்கும். 01 யார்? மூத்த பிள்ளை என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். இல்லை, கடைசியாகப் பிறந்த குழந்தைதான் 01. கணக்கெடுப்பின் கையேட்டில் இது தெளிவாக எழுதியிருக்கிறது. படிக்காமல் கணக்குப் போட்டால் மூத்ததும் கடைக்குட்டியும் இடம் மாறிவிடும். பெயர் இரண்டு எழுத்தாக இருந்தும் இத்தனை வருஷமாக அந்தக் கோப்புகளை உலகம் முழுக்கப் பயன்படுத்த முடிகிறதென்றால், கையேடு கூடவே வருகிறது, அதுதான் காரணம்.

எதிர்மாறாக ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பழைய கிராம ஆய்வின் கோப்பு ஃப்ளாப்பியில் வந்து சேர்ந்தது. எந்த அமைப்பு என்று சொல்ல வேண்டாம். பெயர்களெல்லாம் கே1, கே2, கே3 என்று வரிசையாக ஓடின. கேள்வித்தாளைக் கேட்டோம், அலுவலகம் மாறியபோது பழைய காகிதத்தோடு போய்விட்டதாம். கே17க்கு 1, 2, 3 என்று பதில்கள் இருந்தன. எதன் 1, எதன் 2 என்று சொல்ல ஒருவரும் இல்லை. எண்களில் ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனாலும் எதற்கும் உபயோகப்படவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொன்ன ஜனங்களை நினைத்துத்தான் எனக்கு வருத்தமாக இருந்தது. எஸ்பிஎஸ்எஸ்ஸில் சுருக்கப் பெயருக்குப் பக்கத்தில் முழு விளக்கம் எழுத அந்தக் காலத்திலேயே இடம் உண்டு. எழுதத்தான் ஆளில்லை.

தமிழில் பெயர் வைத்தால்

இப்போது தமிழிலேயே தலைப்பு வைக்கலாமே என்று கேட்பீர்கள். பல மென்பொருள்கள் யூனிகோடை ஏற்கின்றன. ஆனால் எஸ்பிஎஸ்எஸ்ஸின் வரம்பு 64 பைட், 64 எழுத்து இல்லை. ‘தமிழ்நாடு’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள் ஆதலால் அது ஒன்பது குறிகள். வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட் வீதம் 27 பைட். இதையே ஆங்கிலத்தில் இடம் விடாமல் எழுதினால் ஒன்பது எழுத்து, ஒன்பதே பைட். 64 பைட்டில் ஆங்கிலக்காரருக்கு 64 எழுத்து கிடைக்கிறது, நமக்கு 21 குறிகள்தான். முப்பத்தாறு பிட் அறையில் ஆறெழுத்தை அடைத்த அதே கணக்கு, இன்று நம் மொழி பக்கம் வந்து நிற்கிறது.

விதிகள் இனியும் மாறும். ஆனால் பத்திரிகைப் பெயர் கூப்பிடும் பெயராகச் சுருங்கும் அந்த இடம் எப்போதும் இருக்கும். அதனால் குடியிருப்புச் சங்கக் கணக்கோ, குடும்ப வம்சாவளியோ, எதை எக்செல்லில் வைத்திருந்தாலும் ஒன்று செய்யுங்கள். தலைப்பை ஒரே வரிசையில், சின்னதாக, இடம் விடாமல் வையுங்கள். ஆண்டை முதலில் போடாதீர்கள். அதே கோப்பில் இரண்டாவது தாளாக, எந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், என்ன அளவு, 1 என்றால் என்ன, 2 என்றால் என்ன, யார் எப்போது எடுத்த விவரம் என்று முழு வாக்கியத்தில் எழுதி வையுங்கள். அரை மணி நேர வேலைதான். நமக்கு எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது என்று தோன்றும். பத்து வருஷம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கப்போவது நாமாக இருக்க வேண்டும் என்று இல்லையே.